எந்தப் பெட்டியை நம்புவது?

32,768 மணி நேரம். கணக்குப் போட்டால் மூன்று ஆண்டு, 270 நாள், எட்டு மணி நேரம் வருகிறது. ஹெச்.பி. எண்டர்பிரைஸ் நிறுவனம் தன் சர்வர்களுக்காக விற்ற சில வகை எஸ்.எஸ்.டி. டிஸ்குகள் இந்த நேரத்தைத் தொட்டதும் நின்றுவிடும் என்று 2019 நவம்பரில் அந்த நிறுவனமே வாடிக்கையாளர்களுக்கு அறிவித்தது. நின்ற டிஸ்கும் பிழைக்காது, அதிலிருந்த தரவும் திரும்பாது. சூட்டாலோ தேய்மானத்தாலோ வருகிற சாவு அல்ல இது. டிஸ்குக்குள் ஓடும் ஃபர்ம்வேரில் இருந்த பிழை. 16 பிட்டில், கூட்டல் கழித்தல் குறியோடு எழுதக்கூடிய மிகப் பெரிய எண் 32,767. அதற்கு அடுத்த மணியில் டிஸ்க் செத்தது. நான்கே மாதத்தில், 2020 மார்ச்சில், வேறு சில டிஸ்குகளுக்கு 40,000 மணி நேரம் என்று இரண்டாவது அறிவிப்பும் வந்தது.

ஒரு சின்ன இணைய வணிகத்தை நடத்துகிறவர் பொறுப்பானவராக இருந்தால் என்ன செய்திருப்பார்? பெயர் பெற்ற நிறுவனத்தின் சர்வரை வாங்கியிருப்பார். ஒரு டிஸ்க் போனாலும் மற்றது தாங்கட்டும் என்று ஒரே தரவை இரண்டு டிஸ்கில் எழுதும் ரெய்டு முறையில் அமைத்திருப்பார். இரண்டு டிஸ்கையும் ஒரே நாளில், ஒரே பெட்டியில் வாங்கி, ஒரே நேரத்தில் சுவிட்சைப் போட்டிருப்பார். அந்த இரண்டு டிஸ்கும் மூன்றே முக்கால் ஆண்டு கழித்து ஒரே மணி நேரத்தில் நின்றிருக்கும்.

இது கற்பனை அல்ல என்பதற்கு 2022 ஜூலையில் ஒரு சாட்சி கிடைத்தது. அமெரிக்காவில் ஒய் காம்பினேட்டர் நடத்தும் ஹேக்கர் நியூஸ் என்ற செய்தித் தளத்தின் பிரதான சர்வரில் டிஸ்குகள் போயின. அதற்கென்றே தயாராக நின்ற மாற்று சர்வருக்கு வேலையை மாற்றினார்கள். சில மணி நேரத்தில் அதன் டிஸ்குகளும் போயின. கடைசியில் பேக்கப்பை எடுத்து அமேசானின் வாடகை சர்வரில் ஏற்றித்தான் தளத்தை எழுப்ப முடிந்தது. இரண்டு சர்வரிலும் ஒரே காலத்தில் வாங்கிய, ஒரே வகை டிஸ்குகள். அவை ஓடிய நேரமும் அந்த 40,000 மணிக்குப் பக்கத்தில் இருந்தது.

சர்வர் வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது ‘எந்த பிராண்ட் நன்றாக உழைக்கும்?’ என்பதைத்தான். நியாயமான கேள்வி. ஆனால் அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு. இது நிற்கும்போது இதோடு சேர்ந்து எதெல்லாம் நிற்கும்? வாங்கும் பட்டியலில் உள்ள ஒவ்வொரு பொருளிடமும் இதைக் கேட்டுப் பார்த்தால், எதற்குச் செலவழிக்க வேண்டும், எதில் மிச்சம் பிடிக்கலாம் என்பது தன்னால் தெளிவாகும்.

நம்பகமான வன்பொருள் என்ற விஷயத்தில் ஒரு சிறு நிறுவனம் தன் கணக்கு வழக்கையெல்லாம் வெளியில் வைத்தது என்றால் அது பேக்பிளேஸ்தான். 2007-இல் கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்ட்டோவில் ஓர் அபார்ட்மென்ட்டில் தொடங்கிய நிறுவனம். அப்போது மாதம் 5 டாலர் கொடுத்தால் கம்ப்யூட்டரில் உள்ளதையெல்லாம் அளவு பார்க்காமல் பேக்கப் எடுத்து வைத்தார்கள். இந்த விலையில் சேவை தர வேண்டுமானால் தரவை வைக்கும் இடம் மிக மலிவாக இருந்தாக வேண்டும். சந்தையில் விலை கேட்டார்கள். ஒரு பெட்டாபைட், அதாவது பத்து லட்சம் ஜிகாபைட், சேர்த்து வைக்க இ.எம்.சி. நிறுவனத்தின் பெட்டிக்கு 28.6 லட்சம் டாலர். அமேசானில் மூன்று ஆண்டு வாடகை 28 லட்சம். டெல் 8.26 லட்சம். வெறும் ஹார்டு டிஸ்குகளை மட்டும் வாங்கினால் 81,000 டாலர்தான். நடுவில் உள்ள பெட்டிக்கும் பெயருக்கும் இத்தனை லட்சமா என்று யோசித்து, தாங்களே ஒரு பெட்டியைச் செய்தார்கள். முதல் மாதிரியை மரத்தில் செய்து பார்த்தார்கள். 2009-இல் அதன் வரைபடத்தையும் பாகப் பட்டியலையும் உலகத்துக்கே கொடுத்தார்கள். சிவப்புத் தகரப் பெட்டி, அதில் 45 ஹார்டு டிஸ்க், சாதாரண டெஸ்க்டாப்புக்கான இன்டெல் மதர்போர்டு, 4 ஜி.பி. மெமரி, இலவச லினக்ஸ். 67 டெராபைட்டுக்கு 7,867 டாலர்.

2011-இல் தாய்லாந்து வெள்ளத்தில் டிஸ்க் தொழிற்சாலைகள் மூழ்கின. உலகம் முழுக்க டிஸ்க் விலை இரண்டு மடங்கு, மூன்று மடங்கு ஏறியது. விசித்திரமாக, கடைகளில் விற்கும் யு.எஸ்.பி. வெளி டிஸ்குகள் மட்டும் அவ்வளவு ஏறவில்லை. பேக்பிளேஸ்காரர்கள் காஸ்ட்கோ கடைகளுக்குப் போனார்கள். ஒருவருக்கு இரண்டுதான் என்று கடைகள் கட்டுப்பாடு வைத்ததும் குடும்பத்தையும் நண்பர்களையும் வரிசையில் நிறுத்தினார்கள். வாங்கியவற்றின் பிளாஸ்டிக் உறையை உடைத்து, உள்ளிருந்த டிஸ்கை எடுத்து சர்வரில் மாட்டினார்கள். வீட்டு உபயோகத்துக்கு விற்ற டிஸ்குகள் இரவு பகலாக டேட்டா சென்டரில் ஓடின.

இந்தக் கஞ்சத்தனத்தால் நமக்குக் கிடைத்தது ஒரு புதையல். 2013 முதல் தங்களிடம் ஓடும் ஒவ்வொரு டிஸ்கின் பிறப்பு இறப்புக் கணக்கையும், மாடல் வாரியாக, அவர்கள் வெளியிட்டு வருகிறார்கள். விற்கிறவர்கள் சொல்லாததை வாங்கியவர்கள் சொன்னார்கள். டிஸ்க் வாங்கும் முன் அந்தப் பட்டியலை ஒரு முறை பார்க்காமல் பணம் கட்டக் கூடாது என்பேன்.

அந்தக் கணக்குகள் உடைத்த நம்பிக்கைகள் பல. 2013-இல் நிறுவனங்களுக்கென்று அதிக விலைக்கு விற்கும் ‘எண்டர்பிரைஸ்’ டிஸ்குகளையும் வீட்டு டிஸ்குகளையும் ஒப்பிட்டார்கள். ஆண்டுக்கு 100 டிஸ்குக்கு எண்டர்பிரைஸ் வகையில் 4.6 செத்தன, வீட்டு வகையில் 4.2. எண்டர்பிரைஸ் டிஸ்குகள் அவர்களிடம் குறைவாகவே இருந்தன, அதனால் இதை இறுதித் தீர்ப்பாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனாலும் கூடுதல் விலைக்குக் கிடைத்தது கூடுதல் ஆயுளா, கூடுதல் வாரண்டியா என்ற கேள்வி நியாயமாகவே எழுந்தது. 2007-இல் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தின் பியாங்கா ஷ்ரோடர், கார்த் கிப்சன் இருவரும் சுமார் ஒரு லட்சம் டிஸ்குகளின் பதிவேடுகளை ஆராய்ந்து இதே திசையில்தான் சொல்லியிருந்தார்கள். அட்டையில் பத்து லட்சம் மணி நேர ஆயுள் என்று போட்டிருக்கும். அதன்படி ஆண்டுக்கு ஒரு சதவீதத்துக்கும் குறைவாகத்தான் பழுதாக வேண்டும். நிஜத்தில் 2 முதல் 4 சதவீதம் சாதாரணமாக இருந்தது, சில இடங்களில் 13 சதவீதம் வரை போனது. பத்து லட்சம் மணி நேரம் என்றால் 114 ஆண்டு. அந்த எண்ணைப் பார்த்து யாரும் டிஸ்க் வாங்க வேண்டாம்.

பிராண்ட் விசுவாசத்துக்கும் அடி விழுந்தது. 2012-இல் தொடங்கி பேக்பிளேஸ் 4,829 சீகேட் டிஸ்குகளைப் பொருத்தியது. மூன்று டெராபைட் அளவு, எஸ்.டி.3000டி.எம்.001 என்ற மாடல். அவர்கள் அனுபவத்தில் நூற்றுக்கு எண்பது டிஸ்க் நான்கு ஆண்டைத் தாண்டும். இந்த மாடலில் 2012-இல் போட்டவற்றில் 2015 மார்ச் முடிவில் வேலையில் மிஞ்சியிருந்தது பத்தே சதவீதம். அதே நிறுவனம் அடுத்துச் செய்த நான்கு டெராபைட் டிஸ்குகள் அதே பெட்டிகளில் ஒழுங்காக ஓடின. ஆக, ‘சீகேட் மோசம்’ என்றோ ‘சீகேட் தேவலை’ என்றோ சொல்வதில் பயனில்லை. நல்லதும் கெட்டதும் மாடலுக்கு மாடல் மாறுகிறது. ஒரு மாடல் சந்தைக்கு வந்து ஓராண்டாவது ஆகி, பிறர் கையில் ஓடிய கணக்கு கிடைத்த பிறகு வாங்குவது நல்லது. புத்தம் புதிதாக வந்ததை முதலில் வாங்கிப் பரிசோதிக்கும் பெருமை சிறு வணிகத்துக்கு வேண்டாம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. பேக்பிளேஸ் கதையைப் படித்துவிட்டு, சென்னை ரிச்சி தெருவில் ஒரு டெஸ்க்டாப்பை அசெம்பிள் செய்து வாங்கி அதில் கடையின் ஆர்டர் கணக்கை ஓட்டலாம் என்ற முடிவுக்கு வருகிறவர்கள் இருக்கிறார்கள். ஆயிரம் டிஸ்க் வைத்திருப்பவருக்கும் இரண்டு டிஸ்க் வைத்திருப்பவருக்கும் சராசரி என்பது ஒரே பொருள் தராது. 2024-இல் பேக்பிளேஸ் டிஸ்குகளில் 1.57 சதவீதம் செத்தன. ஆயிரம் டிஸ்குக்காரருக்கு இது ஆண்டுக்குப் பதினைந்து பதினாறு டிஸ்கை முன்கூட்டியே வாங்கி அலமாரியில் வை என்கிற கொள்முதல் குறிப்பு. இரண்டு டிஸ்குக்காரருக்கு அது எதையும் சொல்வதில்லை. ஒன்றும் ஆகாது, அல்லது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பாதித் தொழில் நின்றுபோகும்.

இன்னொன்றும் பார்க்க வேண்டும். பேக்பிளேஸ் வைத்திருந்தது வாடிக்கையாளரின் இரண்டாவது பிரதி. மூலம் அவரவர் கம்ப்யூட்டரிலேயே இருக்கிறது. ஒரு பெட்டி ஒரு மணி நேரம் உறங்கினால் யாருக்கும் தெரியாது. பணம் கட்டும் பக்கம் ஒரு மணி நேரம் உறங்கினால் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போய்விடுவார். கூகுளும் 1999-இல் கார்க் அட்டை விரித்த தட்டுகளில் மலிவான மதர்போர்டுகளை அடுக்கித்தான் தேடல் இயந்திரத்தை ஓட்டியது. 2003-இல் அதன் பொறியாளர்கள் 15,000-க்கும் மேற்பட்ட சாதாரண பி.சி.களைக் கொண்டு ஓட்டுவதாக எழுதினார்கள். எந்தப் பெட்டி செத்தாலும் மற்றவை வேலையை எடுத்துக்கொள்ளும் மென்பொருளை எழுத அவர்களிடம் ஆள் இருந்தது. நான்கு பேர் நடத்தும் கடையில் அந்த ஆள் இல்லை. அதனால் அந்த வேலையில் ஒரு பகுதியைப் பெட்டிதான் செய்தாக வேண்டும். பேக்பிளேஸே வளர்ந்த பிறகு தன் சிவப்புப் பெட்டிகளைக் கைவிட்டு டெல், சூப்பர்மைக்ரோ போன்றவர்களிடம் சர்வர் வாங்கத் தொடங்கிவிட்டது.

எதற்குப் பணம் கொடுக்கலாம்? என் பட்டியலில் முதலிடம் ஈ.சி.சி. மெமரிக்கு. மெமரியில் ஒரு பிட் தானாகத் தடம் புரள்வது அபூர்வம் என்று பலர் நினைக்கிறார்கள். 2009-இல் ஷ்ரோடரும் கூகுள் பொறியாளர்கள் இருவரும் கூகுள் சர்வர்களின் பதிவுகளை அலசியபோது, ஓர் ஆண்டில் மூன்றில் ஒரு பங்கு சர்வர்களில் ஒரு பிழையாவது நேர்ந்திருந்தது. மெமரி அட்டைகளில் எட்டு சதவீதத்துக்கு மேல் பாதிப்பு. ஈ.சி.சி. மெமரி 64 பிட்டுக்குத் துணையாக எட்டு பிட் வைத்து, ஒரு பிட் தவறினால் திருத்துகிறது, இரண்டு தவறினால் சத்தம் போடுகிறது. சாதாரண மெமரி மௌனமாக இருக்கும். ஒருவரின் நிலுவைத் தொகையில் ஓர் இலக்கம் மாறி, அது டேட்டாபேஸில் ஏறி, அங்கிருந்து எல்லா பேக்கப்பிலும் ஏறிய பிறகுதான் தெரியும், சில வேளை தெரியாமலே போகும். டிஸ்க் செத்தால் செத்தது என்று தெரிகிறது. தவறான தரவு உயிரோடு உலவுவதை நான் அதைவிடப் பெரிய ஆபத்தாகக் கருதுகிறேன். இன்டெல் ஸியான், ஏ.எம்.டி. எபிக் வகை பிராசஸர்கள் ஈ.சி.சி.யை ஏற்கும். பட்ஜெட் இடம் தராவிட்டால் ரைஸனிலும் சில மதர்போர்டுகளோடு முடியும், வாங்கும் முன் மதர்போர்டின் விவரத்தாளில் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

எஸ்.எஸ்.டி.யில் வேகத்தைப் பார்த்து மயங்காமல் இரண்டு விஷயம் பார்க்கலாம். மின்சாரம் திடீரென்று போகும்போது கையில் உள்ளதை எழுதி முடிக்க உள்ளே கெப்பாசிட்டர் இருக்கிறதா என்பது ஒன்று. டேட்டாபேஸ் ஓடும் டிஸ்கில் இது இல்லாவிட்டால், ‘எழுதிவிட்டேன்’ என்று டிஸ்க் சொன்னது எழுதப்படாமலே போகலாம். மொத்தம் எத்தனை டெராபைட் எழுதத் தாங்கும் என்பது இன்னொன்று. இரட்டை டிஸ்க் போடுகிறவர்கள் இரண்டையும் இரண்டு வேறு நிறுவனங்களிடம், குறைந்தது இரண்டு வேறு மாடல்களில் வாங்கட்டும். அளவு ஒன்றாக இருந்தால் போதும், ரெய்டு ஏற்றுக்கொள்ளும். விற்பனையாளர் முகம் சுளிக்கலாம். டிஸ்கின் சுய அறிக்கையை மட்டும் நம்பிக் காத்திருக்கவும் முடியாது. 2007-இல் கூகுள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்குகளை ஆராய்ந்தபோது, செத்தவற்றில் பாதிக்கு மேல் முக்கியமான நான்கு எச்சரிக்கைக் குறிகளில் ஒன்றைக்கூடக் காட்டாமல் செத்திருந்தன. ஃபர்ம்வேர் அறிவிப்புகளை ஒருவர் மாதம் ஒரு முறையாவது படிக்க வேண்டும். ஹெச்.பி. அறிவிப்போடு திருத்திய ஃபர்ம்வேரும் வந்தது. அதைப் படித்துப் போட்டவர்களின் டிஸ்குகள் பிழைத்தன.

மின்சாரத்துக்கு வருவோம். இரண்டு பவர் சப்ளை உள்ள சர்வரை வாங்கி, இரண்டு பிளக்கையும் ஒரே யு.பி.எஸ்.ஸில் செருகி வைத்திருப்பதை நிறைய அலுவலகங்களில் பார்க்கலாம். யு.பி.எஸ். பேட்டரி இறங்கினால் இரண்டும் சேர்ந்து விழும். ஒன்றை யு.பி.எஸ்.ஸிலும் மற்றதை வேறு வழியிலும் கொடுத்தால்தான் அந்த இரண்டாவது பவர் சப்ளைக்குக் கொடுத்த காசு பலன் தரும். மின்வெட்டும் வோல்டேஜ் ஏற்ற இறக்கமும் தூசியும் உள்ள ஊர்களில் அலுவலகப் பின்னறையில் சர்வர் வைப்பதையே நான் ஆதரிக்க மாட்டேன். சென்னைப் பக்கம் அம்பத்தூரிலும் சிறுசேரியிலும் டேட்டா சென்டர்கள் இருக்கின்றன. சொந்த சர்வரைக் கொண்டுபோய் அங்கே ரேக்கில் மாத வாடகைக்கு இடம் எடுத்து வைக்கலாம். ஜெனரேட்டர், குளிர்சாதனம், இரண்டு இணைய இணைப்பு எல்லாம் வாடகையிலேயே அடங்கும். அப்படி வைப்பவர்கள் தொலைவிலிருந்து சர்வரை நிறுத்தி எழுப்பும் வசதி உள்ள மாடலாகவே வாங்க வேண்டும். டெல் இதை ஐடிராக் என்கிறது, ஹெச்.பி. ஐலோ என்கிறது, சூப்பர்மைக்ரோவில் ஐ.பி.எம்.ஐ. நள்ளிரவில் டாக்ஸி பிடித்து டேட்டா சென்டருக்கு ஓடும் வேலையை இது மிச்சப்படுத்தும். அந்த வாசலைப் பொது இணையத்தில் திறந்து வைத்தால் அதே வசதி திருடனுக்கும் கிடைக்கும்.

கிளவுடிலேயே இருந்துவிட்டால் இந்தத் தலைவலி எதற்கு என்று கேட்கலாம். தொடக்கத்தில் அதுதான் சரி. 37சிக்னல்ஸ் என்ற மென்பொருள் நிறுவனம் 2022-இல் கிளவுடுக்கு 32 லட்சம் டாலர் கொடுத்தது. அதன் இணை உரிமையாளர் டேவிட் ஹைன்மையர் ஹான்சன் கிளவுடை விட்டு வெளியேறுவதாக அறிவித்து, சுமார் ஏழு லட்சம் டாலருக்கு டெல் சர்வர்கள் வாங்கினார். இதைப் பலரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அவர்களுக்கு ஏற்கெனவே டேட்டா சென்டரில் ரேக்கும், சர்வரைத் தெரிந்த குழுவும் இருந்தது பலர் கண்ணில் படுவதில்லை. மாதக் கிளவுட் பில் நிலையாகி, அந்தப் பில்லின் ஓராண்டுத் தொகையில் இரண்டு சர்வர் வாங்கிவிடலாம் என்ற நிலை வந்த பிறகு சொந்தப் பெட்டியை யோசிப்பது போதும்.

வாடகைக்கு எடுத்தாலும் சேர்ந்து சாகும் ஆபத்து விலகுவதில்லை. 2021 மார்ச் 10 அதிகாலை பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓ.வி.ஹெச். நிறுவனத்தின் டேட்டா சென்டர் கட்டடம் ஒன்று முற்றிலும் எரிந்தது, பக்கத்துக் கட்டடத்தின் ஒரு பகுதியும் சேதமானது. ரஸ்ட் என்ற விளையாட்டின் ஐரோப்பிய சர்வர்கள் 25 அழிந்தன, தரவு மீளவில்லை. பேக்கப்பும் அதே வளாகத்தில் இருந்தவர்களுக்கு இரண்டும் ஒரே தீயில் போயின. பேக்கப் எந்தக் கட்டடத்தில் இருக்கிறது என்பதை வாடகை ஒப்பந்தத்தில் எழுதி வாங்க வேண்டும்.

வாரண்டி பற்றிச் சுருக்கமாக. ‘மறுநாள் உதிரிபாகம்’ என்று போட்டிருந்தால் அது உங்கள் ஊருக்கும் பொருந்துமா என்று கேளுங்கள். பொருந்தாவிட்டால் வாரண்டிக்குக் கொடுக்கும் கூடுதல் தொகையில் ஒரு டிஸ்கும் ஒரு பவர் சப்ளையும் வாங்கி அலமாரியில் வைத்துக்கொள்வது மேல். பெரிய நிறுவனங்கள் கழித்துவிட்ட மூன்று நான்கு ஆண்டுப் பழைய சர்வர்களும் நல்ல விலைக்குக் கிடைக்கின்றன. பெட்டியை வாங்கலாம், டிஸ்கை மட்டும் புதிதாக வாங்குங்கள்.

கையில் உள்ள தொகைக்கு மிக வலுவான ஒரு சர்வர் வாங்குவதா, அதில் பாதி விலையில் இரண்டு வாங்குவதா என்ற கேள்வி எல்லாரிடமும் வருகிறது. இரண்டு வாங்குங்கள் என்பேன், தயங்காமல். இரண்டாவது சர்வர் பழுது நாளுக்கு மட்டும் அல்ல. 2017 ஜனவரி 31 இரவு கிட்லேப் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர் களைப்பில் தவறான சர்வரில் டேட்டாபேஸை அழித்தார். அவர்கள் ஐந்து வழிகளில் பிரதி எடுத்து வைத்திருந்ததாக நம்பினார்கள். தேடிப் பார்த்தால் ஒன்றுகூட எதிர்பார்த்தபடி வேலை செய்யவில்லை. தினசரி பேக்கப் எடுக்கும் நிரல் டேட்டாபேஸின் வேறு பதிப்போடு ஒத்துப்போகாமல் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சல்களும் போய்ச் சேரவில்லை. அந்தப் பொறியாளரே ஆறு மணி நேரம் முன்பு வேறு ஒரு வேலைக்காக எடுத்திருந்த பிரதி ஒன்றுதான் காப்பாற்றியது. ஆறு மணி நேரத் தரவு போனது. அத்தனையும் நடந்தது டிஸ்க் ஒன்றுகூடப் பழுதாகாமல்.

இரண்டாவது சர்வர் இருந்தால் மாதம் ஒரு நாள் பேக்கப்பை அதில் ஏற்றி, கடையைத் திறந்து, ஒரு பழைய ஆர்டரைத் தேடி எடுத்துப் பார்க்கலாம். பேக்கப் எடுக்கும் ஆளே இதைச் செய்யாமல் வேறொருவர் செய்ய வேண்டும். எத்தனை மணி நேரம் ஆனது, எது வரவில்லை என்பதை ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். அடுத்த முறை விற்பனையாளர் எதிரில் உட்காரும்போது எதற்குக் காசு போட வேண்டும் என்பதற்கு அந்த நோட்டைவிட நல்ல விலைப்பட்டியல் கிடைக்காது.